மெல்லக் கரையும் மாத்திரை

"மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை ரொம்பப் பெரிசா இருக்கு, முழுங்க முடியலைன்னு சிரமப்படறாங்க. பொடி பண்ணி மோர் சாதத்துல கலந்து குடுக்கலாமா?" என்று கேட்கிறார் திருமழபாடி வாசகி ஒருவர். கொள்ளிடக் கரையில் வைத்தியநாதரே கோயில் கொண்ட ஊர்! ஆனாலும் மாத்திரை விஷயத்தில் நாமும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், சகோதரி.

முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ரிடார்ட் என்று ஏதாவது போட்டிருந்தால் பொடிக்கவே கூடாது. மெல்ல மெல்லக் கரைந்து, பல மணி நேரம் வேலை செய்வதற்கென்றே தயாரித்த மாத்திரை அது.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரத்தில் தண்ணீர் ஒட்டாமல் ஓடுகிறதல்லவா? அதே தத்துவம்தான். மருந்தைக் கொழுப்பிலோ மெழுகிலோ பொதிந்துவிட்டால் உடம்பின் நீர் சட்டென்று உள்ளே புக முடியாது. 1944-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் ரோமான்ஸ்கி, பென்சிலினைக் கடலை எண்ணெயிலும் தேன்மெழுகிலும் குழைத்து ஊசி போட்டார். சில மணிக்கொரு தரம் குத்திக்கொண்டிருந்த தொல்லை குறைந்தது. மனநோய்க்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஃப்ளூஃபெனசின் ஊசி மருந்து, நம்ம நல்லெண்ணெயில் கலந்துதான் வருகிறது! இன்றைய சர்க்கரை மாத்திரைகள் பலவற்றில் மெழுகுக்குப் பதிலாக, தண்ணீர் பட்டதும் கூழாக ஊறும் பொருளைச் சேர்க்கிறார்கள்.

பொடித்தால் என்ன ஆகும்? நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். மாத்திரையைப் பொறுத்து வயிற்றுப்போக்கு வரலாம். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கமே வரலாம். ரத்தக் கொதிப்பு மாத்திரையானால் பிரஷர் மளமளவென்று சரிந்துவிடும். வயசானவர்களுக்கு இது ஆபத்து.

சில சமயம் மலத்தில் மாத்திரை அப்படியே வெளியே வந்த மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் வெறும் கூடுதான். மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.

"சைவக்காரங்க சாப்பிடலாமா?" என்பது இன்னொரு சந்தேகம். மாத்திரையில் சேரும் ஸ்டியரிக் அமிலத்தை மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம். மருந்துக் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்; பதில் வரும்வரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

முழுங்க முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் சிறிய சாதா மாத்திரையாகப் பிரித்தோ, திரவ மருந்தாகவோ எழுதித் தருவார். அதுவரை அம்மியும் குழவியும் சமையலுக்கு மட்டும் இருக்கட்டும்!