கைரேகை தேய்ந்தவர்களின் ஓய்வூதியம்

அம்மாயிக்கு என்ன வயது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. 1952-இல் நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட புயலின்போது தான் கைக்குழந்தை என்று அவருடைய அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் அவருடைய பிறப்புச் சான்று. ஆதார் எடுக்க வந்தவர்கள் உத்தேசமாக ஒரு வயது சொல்லச் சொன்னார்கள். வரிசையில் நின்ற யாரோ ஒரு வயதைச் சொன்னார்கள். அட்டையில் பிறந்த வருடம் 1959 என்று அச்சாகி வந்தது. நாளும் இல்லை, மாதமும் இல்லை, வெறும் வருடம்.

அந்த ஏழு வருட வித்தியாசத்துக்கு என்ன விலை என்று பிறகுதான் தெரிந்தது. 2012-இல் வாங்க வேண்டிய முதியோர் உதவித்தொகைக்கு அவர் 2019 வரை காத்திருந்தார். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய். ஏழு வருடத்துக்கு 84,000 ரூபாய். நடவுக்கூலியைத் தவிர வேறு வருமானம் பார்த்திராத ஒரு பெண்ணின் கணக்கில் இது சிறிய தொகை இல்லை.

வயது வந்த பிறகும் சும்மா கிடைத்துவிடவில்லை. மனு கொடுக்கப் போன இடத்தில், அவரைவிட முப்பது வயதாவது இளைய ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “மவன் இருக்கான்ல? அப்புறம் உன்னை எப்படி ஆதரவில்லாதவன்னு எழுதுறது?” என்று கேட்டார். மகன் இருக்கிறார், திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவர் அனுப்பும் பணம் அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கே போதாது. அதை அந்த மேசையின் முன் நின்று எப்படி நிரூபிப்பது? நான் கூடப் போயிருந்தேன். முனைவர் பட்ட ஆய்வாளன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. “வா, போ” என்பது மட்டும் எனக்கு “வாங்க, போங்க” ஆனது. அம்மாயிக்கு அப்படியேதான் இருந்தது.

“மகன் இருந்தால் ஆதரவு இருக்கிறது” என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? நிலம் இருக்கும் வீட்டிலிருந்து வருகிறது. அங்கே அப்பா நிலத்தைக் கொடுக்கிறார், மகன் சோறு போடுகிறார். 2007-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இந்தக் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்ட பிள்ளையிடமிருந்து அந்தச் சொத்தைத் திரும்பப் பெற அதில் வழி இருக்கிறது. பிள்ளை இல்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாகப்போகும் உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் எழுதிக்கொடுக்க ஒரு சென்ட் நிலம் இல்லாதவர் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போய் என்ன கேட்பது? கூலிக்காரத் தாய் கூலிக்கார மகன்மீது வழக்குப் போடுவதா?

நம் நாட்டில் முதியவர்களுக்கு அரசு எதுவும் செய்வதில்லை என்று சொல்ல முடியாது. யாருக்குச் செய்கிறது என்பதுதான் பிரச்சினை. வங்கி வைப்புநிதியில் மூத்த குடிமக்களுக்கு வட்டி கூடுதல். வருமான வரியில் தனிச் சலுகை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு விலைவாசியை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி. அவர்களுக்கு 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதல், 100 வயதானால் இரு மடங்கு. வயது ஏற ஏறச் செலவும் ஏறும் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். இதே மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் 60 முதல் 79 வயது வரையானவர்களுக்குத் தன் பங்காகத் தருவது மாதம் 200 ரூபாய். 1995 ஆகஸ்ட் 15 அன்று 75 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 200 ஆகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் 200தான். 80 தாண்டினால் 500. மீதியை மாநிலங்கள் போடுகின்றன. 1962-இல் 20 ரூபாயில் உதவித்தொகையைத் தொடங்கிய தமிழ்நாடு, 2011-இல் அதை 1,000 ஆக்கியது. அடுத்த 200 ரூபாய் ஏறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2023-இல் 1,200 ஆனது. ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய் தருகிறார்கள்.

அரசு ஓய்வூதியர்கள்மீது எனக்குப் பொறாமை ஏதும் இல்லை. போராடி வாங்கியது அது. 1982-இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணையால் தரப்படும் கொடை ஆகாது, செய்த பணிக்கு உரிய பாத்தியதை என்று தெளிவாகச் சொன்னது. ஓய்வூதியர் சங்கங்கள் அந்தத் தீர்ப்பு வந்த டிசம்பர் 17-ஐ இன்றும் நினைவுகூர்கின்றன. என் கேள்வி இதிலிருந்துதான் தொடங்குகிறது. பத்து வயதில் நாற்று முடி சுமக்கத் தொடங்கி ஐம்பது வருடத்துக்கும் மேல் காவிரிப் படுகையின் சேற்றில் குனிந்து நின்றவர் செய்தது பணி இல்லையா? அந்த நெல் பொது விநியோகத்துக்குப் போகவில்லையா? அவருக்குக் கொடுப்பதற்கு மட்டும் ஏன் “உதவி” என்று பெயர்? அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது உறுப்பு முதுமையில் அரசின் துணையைப் பெறும் உரிமை பற்றிப் பேசுகிறது. ஆனால் “அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு” என்ற கயிறும் அதோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது. வழிகாட்டும் நெறி என்பதால் அதைப் பிடித்துக்கொண்டு நேரே நீதிமன்றப் படியேறவும் முடியாது.

வயது வரம்பு என்பதையே நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 60, 70, 80 என்று கோடு போடுவது எல்லோருக்கும் பொதுவானது போலத் தெரியும். ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆதிக்கச் சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேலும், பழங்குடியினருடையது நான்கு ஆண்டுகளுக்கு மேலும் குறைவு என்று காட்டியது. பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. (தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் 14.6 ஆண்டு வித்தியாசம் வேறு. அது தலித் பெண்கள் இறக்கும்போது உள்ள சராசரி வயது பற்றி ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் சொன்னது. இரண்டையும் கலந்து பேசினால் எதிரே இருப்பவர் எளிதாக நம் வாயை அடைத்துவிடுவார்.) ஆக, 70 வயதானவர்களுக்கு இலவசக் காப்பீடு, 80 வயதானவர்களுக்குக் கூடுதல் தொகை என்று அறிவிக்கும்போது, அந்தக் கோடுவரை வந்து சேர்பவர்கள் யார், வழியிலேயே விழுந்துவிடுபவர்கள் யார் என்பதும் அதிலேயே முடிவாகிவிடுகிறது. ஜார்க்கண்ட் அரசு தலித்துகள், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு ஓய்வூதிய வயதை 50 ஆகக் குறைத்தது. சமூகநீதியின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் அதைப் பற்றி ஒரு கருத்தரங்குகூட நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

மருத்துவத்துக்கு வருகிறேன். இங்கே தமிழ்நாட்டுக்கு உரிய பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்துக்கென முதலில் தனித் துறை தொடங்கியது சென்னை அரசு பொது மருத்துவமனையில், 1978-இல். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த பிறகு இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எங்கள் தெருவுக்கே வருகின்றன. அம்மாயி அந்த மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார்.

ஆனால் அவர் கண் மங்கியது. கண்புரை. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் காசு கிடையாது. “கூட யார் வந்திருக்கா?” என்று மட்டும் கேட்டார்கள். கூட ஆள் இருந்தால்தான் சேர்ப்பார்கள். சித்தி போனால் அவருக்குக் கூலி போகும். போக வர, தங்க, சாப்பிட என்று மூன்று நாள். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. இரண்டு வருடம் தள்ளிப்போட்ட பிறகு ஒரு விடியற்காலையில் வெளிக்குப் போன இடத்தில் வரப்பு தெரியாமல் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது திண்ணையில் கட்டிலில் இருக்கிறார். சித்தி வேலைக்குப் போவதில்லை. இலவச சிகிச்சை என்று எழுதிப் போட்ட பலகையில், கூட வருபவரின் மூன்று நாள் கூலி எந்த வரியிலும் இல்லை. ஐந்து லட்ச ரூபாய் காப்பீட்டிலும் அது இல்லை. படுக்கையில் கிடந்து வாங்கும் சிகிச்சைக்குத்தான் அந்தக் காப்பீடு. மூத்திரத் துணிக்கும் காது கருவிக்கும் கைப்பிடித்து நடத்திப் போகும் ஆளுக்கும் அதில் இடம் கிடையாது.

நகரத்தில் இந்தக் கதையின் மறுபக்கம் நடக்கிறது. சென்னை அடுக்குமாடிகளில் படுக்கையில் இருக்கும் முதியவர்களைக் கழுவித் துடைத்து விடும் பெண்கள் பலர் நம் தெருக்களிலிருந்து போனவர்கள்தான். வேலைக்குச் சேரும்போது “எந்த ஊரு, என்ன ஆளுங்க?” என்று கேட்பார்கள். எல்லாம் கேட்ட பிறகும், சமையலறைக்குள் போகக் கூடாது, மலம் அள்ளலாம். ஊரில் அவர்களுடைய அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது. நம் இயக்கங்களின் மொழி இளைஞர்களின் மொழி. கல்வி, வேலை, ஆணவக்கொலை, காதல். இவை எல்லாம் வேண்டும். ஆனால் முதியவர்களை நாம் நினைவேந்தல் கூட்டத்தில் சால்வை போர்த்தத்தான் அழைக்கிறோம். பெரியார் 94 வயதில் சிறுநீர்ப் பையோடு ஊர் ஊராகப் போனார் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பையை மாற்றிவிட்டவர்களின் உழைப்பைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்? 2021-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு 60 வயதைக் கடந்தவர்கள் என்பது அரசின் கணிப்பு. 2031-இல் 18.2 விழுக்காடு ஆகும் என்கிறார்கள். இது நம் தெருக்களிலும் நடக்கப்போகிறது, நிலமும் சேமிப்பும் இல்லாமல்.

ஆகவே சில கோரிக்கைகள். உதவித்தொகையை ஓய்வூதியம் என்றே அழைத்து, விலைவாசிக் குறியீட்டோடு இணைக்க வேண்டும். “மகன் இருக்கிறானா?” என்ற கேள்வியை எடுக்க வேண்டும். உடலுழைப்பாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வயதை 50 ஆக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கூட இருப்பவருக்கு நாள் கூலி தர வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நண்பர் ஒருவர் சிரித்தார். பேறுகாலத்துக்கு அரசு பணம் தருவதை முதலில் கேட்டபோதும் யாராவது சிரித்திருப்பார்கள்.

பணம் எடுப்பதும் தனிப் பாடு. வங்கியிலிருந்து சிறு இயந்திரத்தோடு ஒருவர் வருவார். அம்மாயி விரலை வைப்பார், விழாது. சேறும் கருக்கரிவாளும் தேய்த்த விரல். எண்ணெய் தடவி, துடைத்து, வேறு விரலை வைத்து, சில மாதம் விழும், சில மாதம் விழாது. விழாத மாதம் “அடுத்த வாரம் பாப்போம் ஆயா” என்று போய்விடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது.

இந்த ஜமாபந்திக்கு எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேருக்கு மனு எழுதியிருக்கிறேன். அதில் ஆறு பேருக்கு ஆதாரில் வயது குறைவு. வயது என்ற இடத்தில் அட்டையில் இருப்பதை எழுதிவிட்டு, அதன் கீழே அவர்கள் சொன்ன புயலையும் வெண்மணி எரிந்தபோது தாங்கள் எத்தனை பிள்ளைக்குத் தாய் என்பதையும் எழுதி, கைநாட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஜமாபந்தி நடக்கும். தேதியை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.