ஒட்டுப்பாலும் ஒரு பாடம்

மலாக்கா மாநிலத்தில் பயிலும் ஐந்தாம் படிவ மாணவரிடம் இயற்கைப் பாலிமருக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கேட்டால், 'இயற்கை இரப்பர்' என்ற விடை உடனே வரும். ஐசோபிரின் மூலக்கூறுகள் இணைந்தே அது உருவாகிறது என்பதையும் அவர் தடுமாறாமல் சொல்லிவிடுவார். இரப்பர்ப் பாலைத் தொட்டுப் பார்த்ததுண்டா என்று கேட்டால்தான் தயங்குவார். இரப்பர்த் தோட்டத் தொழில் வேரூன்றிய மாநிலத்திலேயே இந்நிலை இருப்பது வருந்தத்தக்கது.

1877ஆம் ஆண்டில் 22 இரப்பர்க் கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. அங்குத் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி, இரப்பரைப் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தினார். பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. மரவள்ளி பயிரிட்டு வந்த டான் சே யான் என்பவரோ 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பரை நட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் அதைவிடப் பெரிய தோட்டம் உருவானது. மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்குத் தேவை கூடியதும் தோட்டங்கள் பரவின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இரப்பர் என்பது பாட்டன் பாட்டியின் பிழைப்பு.

பாலிமர் என்பது சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறு. சோற்றிலுள்ள மாவுச்சத்து, பருத்தியிலுள்ள செல்லுலோசு, முடியிலுள்ள புரதம் ஆகியவையும் இயற்கைப் பாலிமர்களே. ஐசோபிரினில் 5 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன.

பாடநூல் இத்துடன் அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். தோட்டத்து வேதியியல் இதன் பிறகுதான் தொடங்குகிறது. தோட்டத்தில் 'மரம் வெட்டுவது' என்றால் மரத்தைச் சாய்ப்பதன்று. பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுப்பது. பால் குழாய்கள் பட்டையில்தான் உள்ளன. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரின் அழுத்தம் குறைந்து பால் வடிவதும் குறையும். விடியுமுன்னே தலைவிளக்குடன் காட்டுக்குள் நடந்ததற்குக் காரணம் இதுதான்.

வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மங்கில் தானாக உறைந்து கிடப்பது கட்டிப்பால். ஏன் உறைகிறது? பாலிலுள்ள இரப்பர்த் துகள்களைப் புரதப் படலம் சூழ்ந்துள்ளது. அப்படலத்தில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. காற்றிலுள்ள பாக்டீரியாக்கள் பாலில் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் மின்னேற்றத்தைச் சமன்செய்ததும் துகள்கள் மோதுகின்றன, படலம் உடைகிறது, இரப்பர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து திரள்கின்றன. உறையாமல் காக்க அமோனியா சேர்ப்பார்கள். ஆலையில் உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அமோனியாவின் நெடியை அறிந்த பாட்டிக்கு 'ஹைட்ராக்சைடு அயனி' என்ற பெயர் தெரியாது. எது சேர்த்தால் பால் நிற்கும், எது சேர்த்தால் திரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பட்டறிவு மட்டுமே போதும் என்று வாதிட முடியாது. கந்தகத்துடன் சூடாக்கினால் இரப்பர் உறுதிபெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். சங்கிலிகளுக்கிடையே கந்தகம் பாலம் போடுகிறது என்ற விளக்கத்தை எந்தத் தோட்டமும் தந்திராது. அதற்கு அறிவியல் வேண்டும். தோட்ட வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவதும் தவறு. குறைந்த கூலிக்கும் மழைநாளில் வேலையில்லாத ஏக்கத்துக்கும் அஞ்சியே பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர்.

ஆனாலும் ஓர் இழப்பு கண்முன்னே நடக்கிறது. இரப்பர்க் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. இடைநிலைப்பள்ளியில் வேதியியல் மலாய் அல்லது ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. மாணவர் 'லாடெக்ஸ்' என்று எழுதுகிறார். வீட்டில் பாட்டி 'பால்' என்கிறார். இரண்டும் ஒன்றே என்பதை அவர்கள் பேசிக்கொள்ள வாய்ப்பே அமைவதில்லை. தேர்வுக்கு இது தேவையில்லை என்பது சிலர் வாதம். உண்மையில், பாலில் அமிலமும் அமோனியாவும் சேர்த்துப் பார்க்கும் சோதனை பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. புதிதாக எதையும் நுழைக்க வேண்டியதில்லை.

அச்சோதனை நடக்கும் நாளில் முன்னாள் பால்மரத் தொழிலாளர் ஒருவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைக்கலாம். மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்னும் சொற்களை அவர் வாயால் கேட்டு, தமிழ்மொழிச் சங்கம் படங்களுடன் தொகுக்கலாம். 'மழையில் நனைந்த மரத்தை ஏன் வெட்டுவதில்லை?' என்று மாணவர் கேட்டால், மழைநீர் பாலைப் பட்டை வழியே சிதறடித்து வீணாக்கும் என்பதை எந்தப் பாடநூலையும் புரட்டாமல் அவர் விளக்குவார். பதிலுக்கு அவர் கேட்கும் கேள்விகளுக்கு மாணவர்கள் அணுக்களைக் கொண்டு விடை சொல்லட்டும்.