கண்ணாடியைக் கழற்றுமுன் கணக்கைக் கேட்போம்!

நூற்பாலைத் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் ஐ.டி.ஐ. தேறியவன், வயது இருபது. பள்ளிக்கூட நாளிலிருந்தே கிட்டப்பார்வை. ரயில் எஞ்சின் ஓட்ட வேண்டும் என்பது பையனின் ஆசை. ஆனால் அந்த வேலைக்குக் கண்ணாடி போட்டவர்களைச் சேர்ப்பதில்லை. "லேசர் வைத்தால் ஒரே நாளில் கண்ணாடி போய்விடுமாம், தோழர். வீட்டு நகையை அடகு வைத்துச் செய்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

நகையில் கை வைக்காதீர்கள் என்றோம். காரணம் இதுதான். ரயில்வே 2024-ல் வெளியிட்ட உதவி எஞ்சின் ஓட்டுநர் தேர்வு அறிவிப்பு, கண்ணாடியில்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை கேட்கிறது. லாசிக் முதலிய அறுவைச் சிகிச்சையால் பார்வையைத் திருத்திக்கொண்டவர்களுக்கு அந்த வேலை கிடையாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. கண்ணாடி போட்டாலும் கதவு அடைப்பு; சிகிச்சை செய்தாலும் கதவு அடைப்பு! நகை வட்டிக்கடையில் இருக்கும். பையன் வீட்டில் இருப்பான். இதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டியது யார்? பணம் வாங்குகிறவர் சொல்வாரா?

அப்படியானால் இந்தச் சிகிச்சையே பித்தலாட்டமா? அப்படி நாம் சொல்லவில்லை. விஞ்ஞானம் மனிதகுலத்தின் சொத்து. அதைத் தூற்றுவது நம் வேலையல்ல. கிட்டப்பார்வைக்காரரின் விழி பெரும்பாலும் சற்று நீண்டு போயிருக்கிறது. ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுவதால் தூரத்துப் பொருள் மங்குகிறது. விழியின் முன்னால் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு படலம் உண்டு. கருவிழிப் படலம் என்பார்கள். அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் வளைவைத் தட்டையாக்கினால் ஒளி சரியான இடத்தில் குவியும். எண்ணம் சரியானதே. ஆனால் அரை மில்லிமீட்டரில் கை வைக்கிறவன், இருபது வருஷம் கழித்து என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

சரித்திரத்தைப் பாருங்கள். ஜப்பானில் சாத்தோ என்ற பேராசிரியர் 1930களின் இறுதியிலிருந்து 1950கள் வரை இந்தப் படலத்தின் உட்புறத்திலும் கீறிப் பார்வையைத் திருத்தினார். அன்று நோயாளிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் உட்புறத்தில் இருக்கும் உயிரணு வரிசைதான் படலத்தைத் தெளிவாக வைத்திருக்கிறது என்பது அப்போது தெரியாது. பல வருஷங்கள் கழித்து, பலருடைய கருவிழி நீர்கோத்து வீங்கி மங்கியது. வைத்தியர் வஞ்சகரல்ல, கணக்குத்தான் முடியவில்லை.

அடுத்து சோவியத் நாட்டில், 1970களில், பியோதரோவ் என்ற நிபுணர் வெளிப்புறத்தில் மட்டும் சக்கர ஆரம்போல் கீறும் முறையை வளர்த்தார். மாஸ்கோவில் ஆலையின் ஓடும் பட்டறைபோல் நோயாளிகளைக் கட்டிலோடு நகர்த்தி, ஒவ்வொரு வைத்தியரும் ஒரு கட்டத்தைச் செய்யும் ஏற்பாட்டை உண்டாக்கினார். ஏராளமானோர் பயனடைந்தனர். நாம் நேசித்த நாட்டில் பிறந்த முறை என்பதற்காக மறுபக்கத்தை மறைக்க மாட்டோம். அமெரிக்காவில் இதே முறையில் சிகிச்சை பெற்றவர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பரிசோதித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பேர் தூரப் பார்வைக்குக் கண்ணாடியில்லாமல் இருந்தார்கள். ஆனால் நூற்றுக்கு 43 கண்களில், பார்வை ஒரு பவரோ அதற்கு மேலோ எதிர்ப்பக்கம், அதாவது தூரப்பார்வைப் பக்கம், நகர்ந்துவிட்டிருந்தது. கீறிய கண் வருஷக் கணக்கில் நகர்ந்துகொண்டே இருந்தது! பத்து வருஷம் பொறுமையாக எண்ணியதால்தான் இது உலகத்துக்குத் தெரிந்தது.

பிறகு லேசர் வந்தது. அதிலே நம் மண்ணின் பிள்ளைக்கும் பங்குண்டு. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் புறஊதா லேசரைப் பாய்ச்சினார். சுற்றுப்புறம் கருகாமல், உளி வைத்துச் செதுக்கியதுபோல் வெட்டு விழுந்தது. அவரும் உடன் உழைத்தவர்களும் கண்ட இந்த உண்மையே இன்றைய சிகிச்சைக்கு அஸ்திவாரம்.

அந்த உழைப்பின் பலனை யார் அறுத்தார்கள்? லேசர் எந்திரத்துக்குக் காப்புரிமை வைத்திருந்த சம்மிட், விசெக்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் 1992-ல் கூட்டுச் சேர்ந்தன. எந்திரத்தை விற்ற பிறகும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் 250 டாலர் கப்பம் வாங்கின. இது போட்டியை ஒழித்து விலையேற்றும் கூட்டு என்று 1998-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷனே குற்றம் சாட்டியது. கூட்டும் கலைந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் கப்பம் எண்ணத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் கண்ணைப் பின்னால் எண்ணத் தெரியாமலா போகும்?

இன்றைய முறைகள் கத்திக் காலத்து முறைகளைவிட வெகுவாக முன்னேறியவை, சந்தேகமில்லை. லாசிக் முறையில் படலத்தின் மேலே மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் தூக்கி, அடியில் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படியவைக்கிறார்கள். அமெரிக்க சர்க்காரின் மருந்துத் துறை நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் தங்கள் பார்வை திருப்தி என்றார்கள். அதே ஆய்வின் மறுபக்கம் என்ன? முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 46 பேர் வரை, மூன்று மாதம் கழித்து, விளக்கைச் சுற்றி வளையம், கண்கூச்சம், இரட்டைத் தோற்றம் போன்ற ஏதாவதொன்று புதிதாக இருப்பதாகச் சொன்னார்கள். கண் வறட்சி இல்லாதவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை வறட்சி கண்டது. அன்றாட வேலைக்கே பெருங்கஷ்டம் என்றவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவருக்கு விளக்கு வளையம் சின்ன விஷயமா? பஞ்சுத் தூசியில் நிற்பவருக்கு வறண்ட கண் சின்ன விஷயமா? லாசிக் மூடி பழையபடி முழுப் பலத்தோடு ஒட்டுவதில்லை. கண்ணில் பலத்த அடி விழுந்தால் வருஷங்கள் கழித்தும் அது விலகக்கூடும். கரும்புத் தோகைக்கு நடுவே வேலை செய்கிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

யாருக்கு இது ஒத்துவராது? பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் இளவயதினருக்கு, படலம் மெல்லியதாக உள்ளவருக்கு, படலம் கூம்பிப் புடைக்கும் நோயின் அடையாளம் உள்ளவருக்கு, கண் மிக வறண்டவருக்கு, கர்ப்பிணிக்கு, பாலூட்டும் தாய்க்கு. மெலிந்த படலத்தை மேலும் செதுக்கினால் அது பிற்காலத்தில் பிதுங்கிப் பார்வை கெடக்கூடும். இன்னொன்று: செதுக்குவது முன்புறத்தை மட்டுமே. நீண்டுபோன விழி நீண்டே இருக்கும். பவர் அதிகம் உள்ளவருக்கு விழித்திரை கிழியும் அபாயமும் அப்படியே இருக்கும். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்தும் வரும். அப்போது படிக்கக் கண்ணாடி தேடத்தான் வேண்டும். பின்னாளில் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்சின் அளவைக் கணக்கிடுவதும் சிக்கலாகும். பழைய அளவுக் காகிதம் கையில் இருந்தால் வைத்தியருக்கு உதவும்.

ஆகவே நாம் சொல்வது இது. கண்ணாடி போடுவது ஊனமல்ல, வெட்கமுமல்ல. அசாம் தேயிலைத் தோட்டத்தில், நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-ல் வெளிவந்தது. கிட்டத்துப் பொருளைப் பார்க்கச் சாதாரணக் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிப்பு, பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக உயர்ந்தது. மலிவான கண்ணாடி செய்த வேலை இது! ஆனால் நம் ஆலைகளிலும் வயல்களிலும் எத்தனை பேர் மங்கிய கண்ணோடு உழைக்கிறார்கள்?

சிகிச்சை செய்துகொள்ள விரும்புகிறவர் செய்துகொள்ளட்டும். ஆனால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: என் படலத்தின் கனம் எவ்வளவு? செதுக்கிய பின் எவ்வளவு மிஞ்சும்? ஒரு வருஷமாகப் பவர் மாறாமல் இருக்கிறதா? நான் தேடும் வேலைக்கு இது தடையா? பரிசோதனைக் காகிதங்களை என்னிடம் தருவீர்களா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

சர்க்காரிடம் நம் கோரிக்கைகள் மூன்று. ஆலைத் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் இலவசக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் கொடு! சிகிச்சை செய்யும் ஒவ்வொரு நிலையமும் லாபத்தையும் அபாயத்தையும் சேர்த்துத் தமிழில் எழுதிக் கொடுக்கச் செய்! சிகிச்சை பெற்ற கண்களை வருஷந்தோறும் எண்ணி, கணக்கை ஜனங்களுக்கு வெளியிடு!

அந்தத் தோழர் நகையை அடகு வைக்கவில்லை. மகன் கண்ணாடியோடு சேரக்கூடிய ரயில்வே தொழில்நுட்ப வேலைகளுக்கு மனுப் போடுகிறான். தோழர்களே, கண் நம்முடையது. கணக்கும் நம் கைக்கு வரவேண்டும்.