தெரியாது என்று நிமிர்ந்து சொல்லுங்கள்



ஆயுத பூஜை வந்தால் ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் மெஷின்களுக்கு மாலை விழுகிறது, பூசணிக்காய் உடைகிறது. பூஜை செய்ய வந்த ஐயர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று வரிசையாகக் கேட்டால் நம் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. "தெரியாது" என்ற ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு கூச்சம் ஏன்?

தெரியாமல் இருப்பது நம் குற்றமா? நாம் கோயிலுக்குள் நுழைய 1947இல் சென்னை மாகாணம் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் தடுத்த ஊர்கள் உண்டு. கதவைப் பூட்டி வைத்தவர்களே இன்று, உள்ளே நடப்பது தெரியுமா என்று நமக்குப் பரீட்சை வைக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர் யார்?

பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார் அண்ணல் அம்பேத்கர். தீண்டப்படாதவர் என்று மறுத்தார்கள். பாரசீகம் எடுத்துப் படித்தார். 1946இல் வந்த 'சூத்திரர்கள் யார்?' நூலின் முன்னுரையில், சமஸ்கிருதம் தெரியாதவர் இதை எழுதலாமா என்ற கேள்வியை அவரே எடுத்துக்கொண்டார். குறையை ஒப்புக்கொண்டார், கூனிக்குறுகவில்லை. மொழிபெயர்ப்புகள் வழியாக 15 ஆண்டுகள் படித்திருக்கிறேன், இந்த வேலைக்கு அது போதும் என்று வாதிட்டார். நமக்கு வேண்டியது அந்த நிமிர்வு.

இப்போது திருப்பிக் கேட்போம். பறையில் சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி உண்டு. அது தெரியவில்லையே என்று ஆதிக்கச் சாதிக்காரர் யாராவது ஒருநாள் கூசியிருப்பாரா? அவருக்குத் தெரியாவிட்டால் 'பழக்கமில்லை' என்பார்கள். நமக்குத் தெரியாவிட்டால் 'பண்பாடில்லை' என்பார்கள். இந்த இரட்டை அளவுகோலுக்குப் பெயர்தான் சாதி.

நாமும் அந்த அளவுகோலைக் கையில் எடுக்கக் கூடாது. இது மூன்று மாநிலத்தார் கலந்து வாழும் எல்லை ஊர். தெலுங்கு பேசும் தோழர் உகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்தால், எதற்கு என்று கேட்டுச் சாப்பிடுங்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு நம் ஊர் வழக்கம் தெரியாவிட்டால் சிரிக்காதீர்கள், சொல்லிக் கொடுங்கள். சமமானவர்களுக்குள் தெரியாதது ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். மேல் கீழ் பார்க்கும் இடத்தில்தான் அது இழிவாக மாறுகிறது.

ஆர்வம் இருந்தால் எந்த வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம்மை மதிக்க மாட்டார்களோ என்ற பயத்தில் மட்டும் எதையும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

ஜெய் பீம்!