தலையெழுத்தா, பழக்கமா?

கோவிலம்பாக்கம் போன்ற ஊர்களில் 14 வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டித் தடுமாறினால், "சரஸ்வதி கடாட்சமில்லை, தலையெழுத்து" என்று விட்டுவிடும் பெற்றோர் உண்டு.

தோழர்களே! எழுத்துத் தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகளே ஆகின்றன. ஆதலால் படிப்புக்கென்று பிறவியிலேயே மூளையில் தனியிடம் எந்தச் சாதியாருக்கும் கிடையாது. படிக்கப் படிக்கத்தான் இடதுமூளையின் பின்பகுதியில் ஓரிடம் எழுத்தை அடையாளங்காணப் பழகுகிறது. வயதுவந்த பின் படித்தவர்களுக்கும் அவ்விதமே பழகுகிறதென்று பிரேசில், போர்ச்சுகல் நாட்டாரிடம் செய்து 2010-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அப்படியிருக்க, 14 வயதுப் பிள்ளைக்குக் காலம் கடந்துவிட்டதென்பது என்ன நியாயம்?

கூட்டிப் படிக்கும் பாரம் குறைந்தால்தான் புத்தி பொருளில் செல்லும். எழுத்தைக் கற்பது எளிதாகட்டுமென்றே பெரியார் 1935-இல் 'குடி அரசி'ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தார். சர்க்கார் அதை ஏற்க 1978 ஆயிற்று.

ஆகவே, பூஜையில் புத்தகத்தை மூடிவைப்பதை விட்டு, தினமும் அரைமணி நேரம் பிள்ளையைப் பத்திரிகை படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.