அரசாணை முதலில், ஆலோசகர் பிறகு

அயல்நாட்டு நன்கொடையில் நடந்துவந்த சுகாதாரத் திட்டம் ஒன்று முடியும் தறுவாயில் ஆலோசகர் தேவை என்ற விளம்பரம் தவறாமல் வந்துவிடும். ஒருங்கிணைப்புப் பணிகளை அரசின் அமைப்போடு இணைக்க உதவ வேண்டும், காலம் சில மாதம், முதுநிலைப் பட்டமும் நீண்ட அனுபவமும் அவசியம் என்று அதில் இருக்கும். இனி இத்தகைய விளம்பரங்கள் பெருகும். யுஎஸ்எய்ட் எனும் அமெரிக்க உதவி முகமை 2025 ஜூலை 1 அன்று இழுத்து மூடப்பட்டது. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மானியங்களிலிருந்து 143 கோடி டாலரை அதே ஆண்டில் குறைத்தது. நன்கொடையாளர் விட்டுச்செல்வதை அரசு எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்விக்கு டெல்லியிலும் ஜெனீவாவிலும் விடை தேடுகிறார்கள். எச்.ஐ.வி. விஷயத்தில் நாமக்கல் அந்தப் பாடத்தை ஒரு சுற்று முழுதாகப் படித்து முடித்த மாவட்டம்.

சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் தனி மாவட்டமானது நாமக்கல். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர் லாரிகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், பக்கத்திலேயே லாரித் தொழில் நடக்கும் சங்ககிரி. இந்த வட்டாரத்தின் வருமானத்தில் பெரும்பங்கு சக்கரத்தில் ஓடுவது. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமன் குழு 1986இல் சென்னையில் கண்டறிந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், கர்ப்பிணிகளிடம் தொற்று மிக அதிகமாகப் பதிவான மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் ஆகியிருந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பின்னாளில் வகுத்த, தொற்று அதிகமுள்ள 'ஏ' பிரிவு மாவட்டப் பட்டியலில் சேலம், நாமக்கல் இரண்டும் இருந்தன. லாரி ஓட்டி வந்தவருக்கு ஊரில் கிடைத்த கெட்ட பெயரைவிட, வீட்டை விட்டு வெளியே போகாத மனைவிக்குக் கிடைத்த கெட்ட பெயர் பெரிது.

பணம் வந்தது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் உருவானது. நாட்டில் இப்படி ஒரு சங்கம் அமைந்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டே யுஎஸ்எய்ட் பணத்தில், சென்னையின் வி.எச்.எஸ். தொண்டு மருத்துவ நிறுவனம் வழியாக 'ஏபேக்' திட்டம் தொடங்கியது. 2003இல் பில் கேட்ஸ் அறக்கட்டளையின் 'ஆவாஹன்' தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் இறங்கியது. லாரித் தொழிலாளர்களுக்காகச் சரக்கு மாற்றும் நிலையங்களில் 'குஷி' கிளினிக்குகள் வந்தன. சக தொழிலாளரே பேசிப் புரியவைப்பது, பால்வினை நோய்க்குக் கூச்சமில்லாமல் சிகிச்சை, ஆணுறை, பரிசோதனை என்று வேலை நடந்தது. 2004இல் அரசு இலவசக் கூட்டு மருந்தையும் தொடங்கியது. தொற்று குறைந்தது.

ஆவாஹன் வரும்போதே ஒருநாள் அரசிடம் ஒப்படைப்போம் என்று சொல்லித்தான் வந்தது. சொன்னபடி 2009 முதல் கட்டங்கட்டமாக ஒப்படைத்தது. இதில் நன்றாக நடந்ததை மறைக்கக் கூடாது. ஒப்படைப்பதற்கு முன்பே செலவு விகிதம், பதிவேடு, அறிக்கைப் படிவம் எல்லாவற்றையும் அரசின் அளவுக்கு இறக்கிப் பழக்கினார்கள். ஒப்படைத்த பிறகும் உடனே கையை உதறவில்லை. ஆலோசகர்களுக்கும் தொழில்நுட்ப உதவிக் குழுக்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் வேலை எடுபட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், இதே வகை இலக்குப் பணிகளுக்கு அரசு தன் செலவுக் கணக்கில் இடம் ஒதுக்கிவைத்திருந்தது. வீட்டை அரசு கட்டிவைத்திருந்தது. ஆலோசகர்கள் சாமான்களை இடம்மாற்ற உதவினார்கள். வீடே இல்லாத இடத்தில் சாமான் கட்டும் ஆளை அழைத்து என்ன பயன்?

2014இல் நடந்தது இதன் மறுபக்கம். தனித் துறையாக இருந்த எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் துறை மத்திய சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டது. மாநில எய்ட்ஸ் சங்கங்களுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த பணம் மாநிலக் கருவூலங்கள் வழியாகத் திருப்பிவிடப்பட்டது. இணைப்பு என்று காகிதத்தில் எதை எழுதுவார்களோ, அது அப்படியே நடந்தது. ஆனால் பணம் கருவூலத்தில் சிக்கிக்கொண்டது. பல மாநிலங்களில் களப்பணி செய்த தொண்டு நிறுவனங்களுக்கு மாதக்கணக்கில் நிதி போகவில்லை, ஊழியர்கள் சம்பளமின்றி இருந்தார்கள், சில இடங்களில் ஆணுறைக்கும் பரிசோதனைப் பொருளுக்கும்கூடத் தட்டுப்பாடு வந்தது. எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் வரும், யார் கையெழுத்துப் போடுவார், எத்தனை நாளில் விடுவிக்க வேண்டும் என்பதை முன்கூட்டி முடிவு செய்யாததற்குத் தொழிலாளியும் நோயாளியும் விலை கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு மாறான அனுபவமும் இருக்கிறது. உலக வங்கிக் கடனில் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம், ரத்த அழுத்தத்துக்கான பரிசோதனையைச் சிவகங்கையிலும் விருதுநகரிலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் முதலில் செய்து பார்த்தது. பிறகு அவை மாநிலம் முழுவதும் போயின, தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் நிலைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது. சுகாதார அமைப்புத் திட்டத்தை நடத்தியவர்கள் அரசு அதிகாரிகள், பணமோ திருப்பிக் கட்ட வேண்டிய கடன். கடன் வாங்கியவருக்கு இருக்கும் அக்கறை இனாம் வாங்கியவருக்கு இருப்பதில்லை என்பது கசப்பான உண்மை.

சரி, இப்போது எதை இணைக்கப் போகிறோம்? எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்களின் ஆற்றுப்படுத்துநர்கள், ஆய்வக நுட்பநர்கள், கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மைய ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்திலேயே இருக்கிறார்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தியவரைத் தேடிப்போய் அழைத்துவரும் 'விஹான்' ஆதரவு மையங்கள் 2013இல் உலகளாவிய நிதியத்தின் பணத்தில் தொடங்கியவை. உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நாமக்கல்காரர் சேலத்துக்கும் சேலத்துக்காரர் ஈரோட்டுக்கும் மருந்து வாங்கப் போவது, ஓட்டுநர் வடக்கே போய்த் திரும்பும் வரைக்கும் மாத்திரை கையில் இருக்க வேண்டும் என்பது, எந்த வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடலாம், எந்த வீட்டுக்குக் கூப்பிடவே கூடாது என்பது எல்லாம் இவர்களுக்குத்தான் அத்துப்படி. மாவட்டத்தில் ஒருங்கிணைப்பு என்ற ஒன்று இருக்குமானால் அது இவர்கள் தலைக்குள் இருக்கிறது. நட்சத்திர விடுதியில் ஒருநாள் கூட்டம் போட்டு, பவர்பாயின்ட் காட்டி, ஆங்கிலத்தில் நூறு பக்கம் எழுதினால் அதை எடுத்துவிட முடியாது. அந்த ஆலோசகரின் ஒருநாள் கட்டணத்தையும் இந்த ஊழியரின் மாதச் சம்பளத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கவும் எவரும் துணிவதில்லை.

வெளியாள் இல்லாவிட்டால் கோப்பு நகராது, செலவுக் கணக்குப் போடும் திறமை துறையில் இல்லை என்பார்கள். பாதி உண்மை. நிதித் துறையும் சுகாதாரத் துறையும் முகம் திருப்பி உட்கார்ந்திருக்கும்போது இருவரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர மூன்றாம் ஆள் உதவலாம். ஆகவே ஆலோசகரே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வரிசை மாற வேண்டும் என்கிறோம். எத்தனை பணியிடம், எந்தக் கணக்குத் தலைப்பு என்பதை நிதித் துறையின் இசைவோடு அரசாணையாக்கிவிட்டு, அதை நடைமுறைப்படுத்த ஆலோசகரை அமர்த்தட்டும். ஒப்பந்தம் போடுவது மாநில அரசாக இருக்கட்டும், நன்கொடையாளராக இருக்க வேண்டாம். ஆலோசகரின் கட்டணத்தின் கடைசித் தவணை, முதல் காலாண்டு நிதி மாவட்டத்தில் கைக்கு வந்த பிறகே போகட்டும். அறிக்கை தமிழிலும் வந்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் தொற்றுடன் வாழ்வோர் கூட்டமைப்பினர் வாயால் விமர்சிக்கப்படட்டும். ஆலோசகர் போன பிறகும் இருக்கப்போகும் நிரந்தர அதிகாரி ஒருவர் முதல் நாளிலிருந்தே அவருடன் உட்காரட்டும்.

இணைப்பு என்ற பெயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லா நோய்க்கும் ஒரே பதிவு, ஒரே சீட்டு என்பது கேட்க நன்றாக இருக்கும். பங்காளியும் மாமன் மச்சானும் ஒரே மருத்துவமனைக்கு வரும் ராசிபுரத்திலும் பரமத்தி வேலூரிலும் அது ஒருவரது ரகசியத்தைச் சந்திக்கு இழுத்துவிடும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரது தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. நிர்வாகத்தை இணைக்கலாம், வரிசையில் நிற்பவரின் மறைவைக் கலைக்க யாருக்கும் உரிமை இல்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் 2021-26 காலத்துக்கான ஐந்தாம் கட்டத்துக்கு மத்திய அரசு ரூ.15,471.94 கோடி ஒதுக்கியது. அடுத்தது என்ன என்பதை டெல்லி சொல்லும் வரை சென்னை காத்திருக்கத் தேவையில்லை. நாட்டுக்கு முன்பே சங்கம் அமைத்த மாநிலம் இது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் சுகாதார மானியக் கோரிக்கையின்போது எழுந்து ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: வெளிப்பணம் நின்றுபோனால் இந்த ஊழியர்களுக்கு எந்தத் தலைப்பில் சம்பளம்? அமைச்சரின் பதிலில் அரசாணை எண் இருக்க வேண்டும்.