கடன்பட்டு வாங்கும் மெருகு

மின்கிதாரை வீட்டில் பதிவுசெய்யக் கடன்பட்டுப் புதிய கருவிகள் வாங்கப்போகிறானாம் என் மருமகன். இருப்பவை மலிவானவையாம், அதனால் ஒலியில் மெருகில்லையாம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1976இல் வெளிவந்த 'பொஸ்ரன்' குழுவின் முதல் இசைத்தட்டின் பெரும்பகுதியை, பொலரொயிட் நிறுவனப் பொறியியலாளர் ரொம் ஷோல்ஸ் தமது வீட்டு நிலவறையிலேயே பதிவுசெய்தார். கிதார் பகுதிகளை மீண்டும் மீண்டும் வாசித்து அடுக்கினார்.

ஒரே பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வைத்தால் ஒலி விரியும். ஒரே வாசிப்பைப் பிரதிசெய்தால் விரியாது. இரு வாசிப்புகளின் நுண்ணிய வேறுபாடே அதற்குக் காரணம். டிஸ்ரோர்ஷனைக் குறைத்து, பேஸ் கிதாருடன் மோதும் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டினால் தெளிவு கூடும்.

இவற்றுக்குப் பொறுமையே முதல். கடன்காரனாகுமுன் ஒரு மாதம் முயன்றுபார் என்றேன்.